அறுபத்தொன்றாவது சீட்டு

காற்று நொடிக்கு இருபது மீட்டரைத் தாண்டினால்
கிரேனை நிறுத்திவிட வேண்டும்.
க்டீனியாத் துறைமுகத்தில்
பிப்ரவரி முழுக்க அந்த விதிதான்.

இறங்கச் சொல்லி ரேடியோ கூப்பிடும்வரை
கேபினின் கண்ணாடித் தரையில்
ஏழு சீட்டை விரிப்பேன்.
நாற்பது மீட்டர் கீழே கறுப்புத் தண்ணீர்.
அதன்மேல் இரண்டு ஊற்று, ஒரு தேனீப்படை,
இப்போதைக்கு இறக்க முடியாத நான்கு.

கை இருநூற்றுப் பன்னிரண்டு: கெட்டது.
கலை. மறுபடி ஏழு.
கை இருநூற்றுப் பதின்மூன்று:
ஒற்றை ஊற்று. கெட்டது.

ஏற்றுவதும் இறக்குவதும்தான் பிழைப்பு எனக்கு.
எந்தப் பெட்டி அடியில், எது மேலே என்று
கப்பல் கிளம்புமுன்பே எவரோ எழுதிவைத்துவிடுவார்.
சீட்டில்
அந்தப் பட்டியலைக் கலைத்த பிறகுதான் ஆட்டம்.

அறுபதுக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான் சட்டம்.
அறுபத்தொன்று வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.
ஸ்வாவெக் கேட்பான்.
வரி அலுவலகக்காரன்.
என் கட்டை மேசையில் பரப்பி
யாருடைய வருமானக் கணக்கையோ பார்ப்பதுபோல்
ஒவ்வொன்றாய்ப் பார்த்துவந்து
விரல் வைத்தான்:
"இந்தக் கரடி எதற்கு?"

உறங்கும் தாய்க்கரடி.
ஏழு ஊற்று கேட்கும்.
ஏழு ஊற்று சேர்வதற்குள்
இந்த வருடம் போலந்தில் யாரும் உயிரோடு இருப்பதில்லை;
ஊரெல்லாம் நெருப்புக் கட்டு,
நான்காம் முறையிலேயே சாம்பல்.

கார்ல்ஸ்க்ரோனா படகு தாமதமான ஒரு மாலையில்
சும்மா வாங்கிய முதல் பொட்டலத்தில் வந்தது.
மேல் ஓரம் கொஞ்சம் மடங்கியிருக்கும்.
அதை இறக்கி இரண்டு முறை ஜெயித்திருக்கிறேன்,
இரண்டும் அப்படியே நினைவிருக்கிறது என்றேன்.

"அதுதான் கோளாறு" என்றான்.
"கையிலேயே வைத்துக்கொண்டு தோற்ற
முப்பத்தொரு முறை
உன் நோட்டில்தான் இருக்கிறது."

கட்டுவதில் என்ன இருக்கிறது, வெட்டுவதுதான்.
ஊற்று இருபத்துநான்கு, இருபத்துமூன்று.
நரி மூன்று. இரண்டு. மறுபடி மூன்று.
நெருப்புக்காக மழைச்சீட்டு நான்கு.
ஒரு 'விடியுமுன் வலை' உள்ளே.
கரடி வெளியே.
உறையிலிருந்து அதை உருவும்போது
சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான்.
வேலை நோட்டின் பின்னட்டைக்குள் செருகினேன்.

பொஸ்னான். நான்காம் சுற்று.
எதிரில் ஓத்திலியா, பல் மருத்துவம் படிப்பவள்,
கட்டைவிரலில் பிளாஸ்டர்.
அவளை நான் எரிக்கவுமில்லை, அவள் என்னை அணைக்கவுமில்லை,
ஆட்டம் சதுப்பில் மாட்டிய லாரியாய் இழுத்தது.
ஏழாம் ஊற்றை வைத்தாள்.
என் முகத்தைப் பார்த்தாள்.
கரடியை இறக்கினாள்.

ஓரம் மடங்காத கரடி. புத்தம் புதிது.

அந்தச் சீட்டின் அடியில்
எறும்பு அளவில் கடைசி வரி ஒன்று உண்டு:
வந்த முறையில் அது விழிக்காது.
யாரும் அதைப் படிப்பதில்லை.
முப்பத்தொரு முறை
செய்ய வேறொன்றுமில்லாமல் நான் படித்திருக்கிறேன்.
தூங்கும்போதே வலையை வீசினேன்.

கை குலுக்கும்போது,
"எத்தனை சீட்டு ஆடுகிறாய்?" என்று கேட்டேன்.
காது சிவந்தது.
"அறுபத்தொன்று" என்றாள்.

அடுத்த இரண்டு சுற்றும் தோற்றேன்.
பத்தொன்பதாவது இடம்,
பரிசு இரண்டு பொட்டலம்.
திரும்பும் ரயிலில் ஸ்வாவெக்கிடம் எல்லாம் சொன்னேன்:
எந்தக் கையில் ஊற்று வரவில்லை,
எந்த நரி வீண், மழை நான்கு அதிகம்.
அந்த எண்ணை மட்டும் சொல்லவில்லை.
"ஊற்றை இருபத்திரண்டாக்கிப் பார்" என்றவன்
த்செவ் வருமுன்பே தூங்கிப்போனான்.

இன்று திங்கள்.
நோட்டைத் திறந்து நேரம் எழுதுகிறேன்,
பின்னட்டை கொஞ்சம் புடைத்திருக்கிறது.
இருபத்திரண்டு ஊற்றோடு புதுக் கட்டு
கோட்டுப் பையில், இன்னும் ஒரு கையும் விரிக்காமல்.
காற்றுமானியைப் பார்க்கிறேன்.
பத்தொன்பது.
இன்னும் பெட்டி இறக்கலாம்.